கடற்கரையில் வெட்டும் ப்ளூடூத்: குமரி மாவட்டத்தில் வயரில்லாமல் கேட்பது

முட்டத்திலோ சொத்தவிளையிலோ கடற்கரையில் நடந்தபடி பாட்டுக் கேட்பவர்களிடம் ஒரே குறையைக் கேட்கலாம். வீட்டில் போனை முன்னறையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாலும் தெளிவாகக் கேட்கிற இயர்பட்ஸ், திறந்த மணல்வெளியில், போன் பேன்ட் பையிலேயே இருக்கும்போது ‘வெட்டி வெட்டிக் கேக்கு.’ சுவரே இல்லாத இடத்தில் சிக்னல் இன்னும் நன்றாக வர வேண்டாமா? விலை குறைந்த மாடல், அதனால்தான் இப்படி என்று கடையில் சொல்வார்கள். இரண்டு மடங்கு விலை கொடுத்து வேறொன்று வாங்கினாலும் அதே கடற்கரையில் அதே இடத்தில் வெட்டும்.

விலைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ப்ளூடூத் என்பது சின்ன, பலம் குறைந்த ஒரு ரேடியோ. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பத்து மீட்டர், முப்பது மணி நேரம் போன்ற எண்கள் அமைதியான அறையை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் சுமார் 72 கிலோமீட்டர் கடற்கரையும், இரண்டு பருவமழையும் உள்ள ஊரில் அந்த எண்களை அப்படியே நம்பி வாங்குவது சரியாக வராது. நாம் எங்கே நின்று கேட்கிறோம் என்பதுதான் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது.

முதலில் கடற்கரைச் சிக்கல். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அலை குட்டை என்பதால் ஆன்டெனாவும் குட்டையாக இருந்தால் போதும். சுண்டுவிரல் நுனி அளவுள்ள இயர்பட்ஸுக்குள் அது அடங்குவது இதனால்தான். ஆனால் இந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மனித உடலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். போன் இடது பையில், சிக்னல் வாங்கும் கருவி வலது காதில் என்றால், இரண்டுக்கும் நடுவே இடுப்பும் நெஞ்சும் தலையும் தடுப்பாக நிற்கின்றன.

அப்படியானால் வீட்டுக்குள் மட்டும் எப்படிக் கேட்கிறது? வீட்டில் அலை நேராக உடலைத் துளைத்து வருவதில்லை. சுவரிலும் கூரையிலும் பீரோவிலும் பட்டுத் தெறித்து, சுற்றி வந்து காதை அடைகிறது. கடற்கரையில் தெறிக்க எதுவும் இல்லை. மணலும் வானமும்தான். உடல் மறைத்தால் மறைத்ததுதான். திற்பரப்புச் சாலையில் இரண்டு பக்கமும் வீடும் மதிலும் இருக்கும் இடத்தில் தொடர்ந்து கேட்டுவிட்டு, வயல்வெளி வந்ததும் வெட்டுவதும் இதே காரணத்தால்தான். போனைச் சட்டைப் பைக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது எந்தக் காதில் அடிக்கடி வெட்டுகிறதோ அந்தப் பக்கத்துப் பையில் வையுங்கள். பெரும்பாலும் அத்துடன் சரியாகிவிடும், காசு செலவில்லாமல்.

ஒரு காதில் மட்டும் ஒலி போய்ப் போய் வருகிறது என்றால் அதற்கு வேறு காரணமும் உண்டு. பழைய வகை இயர்பட்ஸில் போன் ஒரு காதுக்கு மட்டுமே ஒலியை அனுப்பும். அந்தக் காதில் இருக்கும் கருவி அதை மறு காதுக்குக் கடத்தும். நடுவில் இருப்பது நம் தலை. புதிய மாடல்களில் இரண்டு காதுகளும் தனித்தனியே போனிடமிருந்து வாங்கிக்கொள்வதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. நெக்பேண்டில் இது அறவே கிடையாது. இரண்டு காதையும் வயர்தான் இணைக்கிறது. கடற்கரையிலும் வயலிலும் அதிகம் புழங்குபவர்களுக்கு நான் நெக்பேண்டையே சொல்வேன். பார்க்க அழகில்லை என்று இளைஞர்கள் ஒதுக்கினாலும் அதன் பேட்டரி பெரிது, காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் கிடக்கும், படகின் இடுக்கில் விழுந்து தொலையாது.

கூட்டம் வேறு விதமான சிக்கல். 1994-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனப் பொறியாளர்கள் இந்தத் தொழில்நுட்பத்தைத் தொடங்கினார்கள். யாரும் உரிமம் வாங்காமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசையை எடுத்துக்கொண்டார்கள். வைஃபையும் அதே இடத்தில்தான் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் கசிகிறது. இந்த நெரிசலில் தப்பிக்க, பாட்டுக்குப் பயன்படும் வழக்கமான ப்ளூடூத் தன் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, இரைச்சல் மிகுந்த தடங்களைக் கண்டுகொண்டு அவற்றைத் தவிர்த்துத் தாவவும் கற்றுக்கொண்டது. மாலையில் வடசேரி பேருந்து நிலையத்தில் நூற்றுக்கணக்கான போன்கள் நெருங்கி நிற்கும்போதும் பாட்டு பெரும்பாலும் நிற்காமல் வருவது இந்தத் தாவலால்தான்.

இங்கே விலை உயர்ந்த கருவி சில சமயம் எதிராகவே வேலை செய்யும். எல்லா ப்ளூடூத் ஹெட்செட்டிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி என்ற ஒலிச்சுருக்க முறைக்கு நொடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட் போதும். சோனி உருவாக்கிய எல்டாக் உச்ச நிலையில் 990 கிலோபிட் வரை கேட்கும். அமைதியான அறையில் அது தரும் நுணுக்கம் உண்மையானது. ஆனால் மூன்று மடங்கு தகவலைக் காற்றில் அனுப்ப வேண்டும் என்றால், கடற்கரையிலும் பேருந்து நிலையத்திலும் முதலில் தடுமாறுவதும் அதுதான். ஆண்ட்ராய்டு போனின் ப்ளூடூத் அமைப்பில் இணைப்பின் உறுதிக்கு முன்னுரிமை தரும் தேர்வு இருந்தால், வெளியே போகும்போது அதைப் போட்டுவிடலாம். ஓடும் பேருந்தின் இரைச்சலில் 990-க்கும் 330-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக்கூடிய காதுகள் அபூர்வம்.

பேருந்தில் ஏறிய பிறகு

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய்வருபவர்கள் ஏராளம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 20 மணி நேரம் காதில் ஹெட்செட். இந்தக் கணக்கு என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பாதுகாப்பானது. ஒலி 3 டெசிபெல் கூடினால் அதன் ஆற்றல் இரண்டு மடங்காகிறது, பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 83 டெசிபெல் என்றால் 20 மணி நேரம். பயணத்திலேயே வாரக் கணக்கு முழுதும் தீர்ந்துவிடும். 90 டெசிபெல் என்றால் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான். 100 என்றால் 20 நிமிடம். பேருந்தில் என்ன நடக்கிறது என்றால், எஞ்சின் உறுமலைத் தாண்டிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று நம் விரல் தானாகவே ஒலியைக் கூட்டுகிறது. மேட்டில் ஏறும்போது கூட்டுகிறோம், சமதளம் வந்ததும் குறைக்க மறந்துவிடுகிறோம். காதின் உட்புற மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சேதமும் வலியில்லாமல், மெதுவாக நடக்கிறது. இரவில் காதுக்குள் ‘ங்ங்’ என்று ஒரு ஒலி நிற்காமல் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்.

இரைச்சலைக் குறைக்கும் ஏஎன்சி வசதியை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு இதனால்தான் மறுப்புச் சொல்கிறேன். வெளிப்புற மைக் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் உண்டாக்கி இரண்டையும் ஒன்றோடொன்று அழிக்கிறது. பேருந்து எஞ்சின், ரயில் சக்கரம் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான உறுமலுக்கு இது அருமையாக வேலை செய்யும். கண்டக்டரின் விசிலும் ஹாரனும் ஓரளவுக்குக் காதில் விழத்தான் செய்யும். உயர்ந்த, திடீர் ஒலிகளை அது அவ்வளவாக அழிப்பதில்லை. இரைச்சல் குறைந்தால் பாட்டின் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறையும். அந்த வசதிக்குக் காசில்லை என்றால், காது துளைக்குப் பொருத்தமான அளவில் ரப்பர் முனையைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலையைச் செய்யும். பெட்டியோடு வரும் மூன்று அளவு முனைகளில் நடு அளவை மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களே அதிகம்.

ஏஎன்சி தோற்கும் ஓர் இடம் நம் மாவட்டத்து வாசலிலேயே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று இயர்பட்ஸின் வெளி மைக்கில் நேரடியாக மோதும். அந்த மோதலை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு கருவி அதற்கும் எதிரலை உண்டாக்கப் பார்க்கும். காதுக்குள் படபடவென்று அடிக்கும். அந்த இடத்தில் அதை அணைத்துவிடுவதுதான் சரி.

கடைசி ஒரு மீட்டர்

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் ஒருவராவது இல்லாத தெரு குமரி மாவட்டத்தில் குறைவு. இரவுச் சமையலின்போது அடுக்களையில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு மகனோடு பேசும் தாய்மாரை எங்கும் பார்க்கலாம். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுமுனையிலிருந்து வரும்: “அம்மா, சரியா கேக்கல, போனை எடுத்துப் பேசுங்க.”

காரணம் இது. பாட்டுக் கேட்கும்போது ஒலி ஒரே திசையில் போகிறது. முழுப் பாதையும் அதற்குத்தான். அழைப்பு வந்து மைக் திறந்ததும் ப்ளூடூத் வேறொரு இருவழி முறைக்கு மாறுகிறது. அந்த முறையின் பழைய வடிவம் குரலை நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளக்கும்; புதியது 16,000 முறை. 8,000 என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் பிழைக்காது. ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து மணவாளக்குறிச்சி வரை கடல் தாண்டி நல்லபடியாக வந்த குரல், போனுக்கும் காதுக்கும் இடையிலுள்ள கடைசி ஒரு மீட்டரில் சுருங்கிப்போகிறது. அழைப்பு வந்ததும் பாட்டின் தரம் கிணற்றுக்குள் விழுந்ததுபோல ஆவதும் இதே மாற்றத்தால்தான். கருவி பழுதாகவில்லை.

2020-இல் வெளியான ப்ளூடூத் 5.2 பதிப்பும் அதோடு வந்த எல்சி3 என்ற சுருக்க முறையும் இந்த இடத்தில் பெரிய முன்னேற்றம். குறைந்த தகவல் அளவிலேயே அழைப்பின் குரலை முழுமையாகக் கொடுக்கக்கூடியது அது. ஆனால் போன், ஹெட்செட் இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் வேலை செய்யும். பாட்டைவிட அழைப்புக்கே அதிகம் பயன்படுத்துபவர்கள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பேஸ் எவ்வளவு அதிரும் என்பது பிறகு.

அதே புதிய தொழில்நுட்பக் குடும்பத்தைச் சேர்ந்த ஆராகாஸ்ட் பற்றி எனக்குத் தனி ஆசை உண்டு. ஒரே கருவியிலிருந்து எத்தனை பேருடைய காதுக் கருவிக்கு வேண்டுமானாலும் ஒலிபரப்பலாம், ஒவ்வொருவரும் தனித்தனியே இணைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காது மந்தமான பெரியவர்கள் ஞாயிறு பூசையில் பிரசங்கம் புரியாமல் உட்கார்ந்திருப்பதைக் குமரியின் எந்தக் கோயிலிலும் பார்க்கலாம். கூம்பு ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவது அவர்களுக்கு உதவாது, எதிரொலிதான் கூடும். சொல் நேராகக் காதுக் கருவிக்குப் போனால் புரியும்.

இன்னொரு விஷயம், பாடகர் குழுக்களுக்கு. கீபோர்டை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இணைத்துப் பயிற்சி எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. சரிவராது. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, சேமித்து, விரித்துக் கொடுப்பதற்குள் வழக்கமான முறையில் ஏறத்தாழ 0.2 நொடி தாமதமாகிவிடும். கட்டையை அழுத்திய பிறகு, அறுபது எழுபது மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்பதற்குச் சமம் அது. தாளம் நிற்காது. யூடியூப் போன்ற செயலிகள் படத்தைச் சற்றுத் தாமதித்து உதட்டையும் குரலையும் ஒன்றாக்கிவிடுவதால் அங்கே நமக்கு இது தெரிவதில்லை. வாசிப்பவருக்கு வயர்தான்.

சாலை, தோட்டம், கடல்

வண்டி ஓட்டும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விவாதிக்க அதிகம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் 2019 திருத்தம், ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவியை ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் சேர்த்தது. காதில் இருப்பது கையில் இல்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை வீட்டு நடையிலிருந்து இறங்கினால் நேரே சாலை. இடவழியிலிருந்து எப்போது ஆட்டோ எட்டிப் பார்க்கும் என்று தெரியாது. ஹாரனைக் கேட்காமல் இங்கே ஓட்ட முடியாது. தண்டவாளத்தின் ஓரமாக ஹெட்செட்டோடு நடப்பது அதைவிடக் கொடியது. மின்சார ரயில் வரும் சத்தம் கடைசி நொடிவரை காதில் விழாமல் போகலாம். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவுப்படி தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பதே குற்றம்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்கு விடியும் முன்பே போய்விடுவார்கள். நெற்றியில் விளக்கு, கையில் கத்தி, இருட்டில் மரம் மரமாகத் தனியே நடக்கும் வேலை. துணைக்குப் பாட்டோ பேச்சோ வேண்டும் என்பது நியாயமான ஆசை. காடு ஒட்டிய தோட்டங்களில் காட்டுப்பன்றி, பாம்பு என்று காது திறந்திருக்க வேண்டிய காரணங்களும் இருக்கின்றன. இடுப்பில் தொங்கும் சின்ன ஸ்பீக்கரோ, காதுத் துளையை அடைக்காமல் வெளியே உட்காரும் வகையோ, ஒரே ஒரு காதில் மட்டும் மாட்டுவதோ இங்கே பொருத்தம். அங்கே நெட்வொர்க் கிடைக்காத இடங்களும் உண்டு. ப்ளூடூத்துக்கு நெட்வொர்க் தேவையில்லை. போனில் இறக்கி வைத்த பாட்டு போதும்.

கடலில் உப்புதான் முதல் எதிரி. தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் குறிகளில், ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது பொருள். இந்தச் சோதனைகளெல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்புத் தண்ணீருக்கு அவை உத்தரவாதம் தருவதில்லை, வியர்வைக்கும் அப்படியே. ஈரமான இயர்பட்ஸைத் துடைக்காமல் கேஸில் போட்டு மூடினால், சார்ஜ் ஊசியில் மின்சாரமும் உப்பு நீரும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. பச்சை படிந்து சார்ஜ் ஏறாமல் போகும் கேஸ்களில் பல இப்படிக் கெட்டவை. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, சற்று ஆறவிட்டுப் போட்டால் கருவி இன்னும் நீண்ட நாள் உழைக்கும். உச்சி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைப்பதும் அந்தக் குட்டி பேட்டரிகளை வெகு சீக்கிரம் சோர வைத்துவிடும்.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் தங்குகடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினாலே போன் சிக்னல் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது நடுக்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததன் வலி இந்தக் கரைக்குத் தெரியும். அதன் பிறகு, 2019 அக்டோபரில் ஒன்றிய அரசு ஜெமினி என்ற சிறிய கருவியை அறிமுகப்படுத்தியது. ககன் செயற்கைக்கோள் வழியே வரும் வானிலை, பேரிடர் எச்சரிக்கைகளைப் பெற்று, மீனவரின் போனுக்கு அது ப்ளூடூத் மூலமாகத்தான் அனுப்புகிறது. பாட்டுக் கேட்க நாம் நம்பும் அதே பத்து மீட்டர் ரேடியோ அங்கே உயிர்காக்கும் சங்கிலியின் கடைசிக் கண்ணி. படகில் ப்ளூடூத்தை அணைத்து வைக்கும் பழக்கமும், போனை எஞ்சின் அறையில் விட்டுவிடுவதும் அந்தச் சங்கிலியை அறுக்கும். மேல்தட்டில் காவல் இருப்பவர் ஹெட்செட் மாட்டுவதும் அதே போலத்தான். படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ செட்டில் யாராவது கூப்பிட்டால் அவருக்குக் கேட்க வேண்டும்.

வயர் போனதோடு போனது

ப்ளூடூத் வந்ததில் குமரிக்கு ஒரு நஷ்டமும் இருக்கிறது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. 2016-இல் ஐபோன் 7 ஹெட்செட் துளையைக் கைவிட்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. போனில் எஃப்எம் கேட்க அந்தத் துளையில் வயர் செருகியிருக்க வேண்டும், ஏனென்றால் வயர்தான் ஆன்டெனா. நாகர்கோவில் பண்பலை ஒலிபரப்பாகும் 101 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். அதைப் பிடிக்க ஒரு மீட்டரை ஒட்டிய வயர் வேண்டும். காதுக்குள் அடங்கும் கருவியால் முடியாது. ப்ளூடூத் மட்டும் வைத்திருப்பவரின் போனில் எஃப்எம் சிப் இருந்தாலும் அது ஊமை.

ஒக்கியின்போது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. டவர் இல்லாவிட்டால் இணைய வானொலியும் இல்லை. 2023 ஏப்ரலில் மின்னணுத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், பேரிடர்க் காலத்தை மனதில் வைத்து, போன்களில் எஃப்எம் வசதியை முடக்காமல் வைக்கும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் போனில் வட்டமான ஹெட்செட் துளை இருந்தால், மேசை டிராயரில் சுருண்டு கிடக்கும் பழைய வயர் ஹெட்செட்டை இன்றே எடுத்துச் செருகிப் பாருங்கள். எஃப்எம் செயலி திறக்கிறதா, 101 தெளிவாக வருகிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வயரை நீட்டித் தொங்கவிட வேண்டும். காதில் மாட்ட விருப்பமில்லை என்றால் செயலியிலேயே ஸ்பீக்கருக்கு மாற்றி, வீட்டில் எல்லோருமாகக் கேட்கலாம்.